துணிப்பை எடுத்துப் போனால் மலை தப்புமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளி, கல்லூரிகளுக்குச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசப் போகிறவன் நான். கடற்கரையில் குப்பை பொறுக்கியிருக்கிறேன், மரக்கன்று நட்டிருக்கிறேன், வீடு வீடாகத் துணிப்பை கொடுத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இதையே செய்துவிட்டு, இப்போது என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். தனி ஆள் செய்யும் சின்னச் சின்ன நல்ல காரியங்களால் குமரி மாவட்டத்தில் நடக்கும் பெரிய அழிவு நிற்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். கேட்பவர்களில் சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்படியானால் துணிப்பை, எவர்சில்வர் பாட்டில், சைக்கிள் எல்லாம் வீணா?

உங்கள் கையில் இருக்கும் பையைப் பிடுங்க நான் வரவில்லை. மீன் வாங்கத் தூக்குவாளியோடு சந்தைக்கு வரும் அக்காவைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சிதான். ஓடையில் ஒரு கவர் குறைகிறது, ஒரு மாட்டின் வயிறு தப்புகிறது. அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ஊர்ப் பக்கத்தில் ஒரு குன்றை வெடி வைத்து எடுக்கிறார்களே என்று பேச்சு தொடங்கும். ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவர், “முதல்ல நாம திருந்தணும், கடைக்குப் பை எடுத்துட்டுப் போகணும்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். குன்றைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துபோகும். வெடி வைக்க அனுமதி கொடுத்தது யார், எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு என்ற கேள்விகளை யாரும் கேட்காமலே கலைந்துவிடுவோம். இதை நான் ஒரு முறை இரண்டு முறை அல்ல, எத்தனையோ கூட்டங்களில் பார்த்துவிட்டேன். சில கூட்டங்களில் அந்த ‘யாராவது ஒருவர்’ நானாகவே இருந்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். வீட்டிலிருந்தே தொடங்குவோம். கடையில் கொடுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் 5 கிராம் என்று வையுங்கள். வாரத்துக்குப் பத்து கவர் வாங்காமல் தவிர்த்தால் வருடத்துக்கு 2.6 கிலோ. அறுபது வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்தால் 156 கிலோ. பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்று அளவுக்குள் ஏற்றினாலே 15 டன் கல்லுக்குக் குறையாது. பிளாஸ்டிக்கையும் பாறையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் அளவு புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கிட்டத்தட்ட நூறு பேர் ஆயுள் முழுக்கத் தவிர்த்த கவர்களின் எடை ஒரே ஒரு டாரஸ் லோடு. ஒரு ராத்திரி மார்த்தாண்டத்தில் டீக்கடை வாசலில் நின்று, கேரள எல்லையான களியக்காவிளைப் பக்கம் போகும் கல் லோடு லாரிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று போயின. அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கசக்கும். ஷவரை விட்டு வாளியில் குளித்தால் ஒருவர் நாளைக்கு 20 லிட்டர் மிச்சம் பிடிக்கலாம். வருடத்துக்கு 7,300 லிட்டர். நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. அதில் ஒரு குளத்தில் ஒரே ஒரு ஹெக்டேரை, அதாவது இரண்டரை ஏக்கர் போல, மண் கொட்டி மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் ஆழம் என்றால் போனது 2 கோடி லிட்டர் கொள்ளளவு. அதை வாளிக் குளியலால் ஈடுகட்ட நீங்கள் 2,700 வருடம் குளிக்க வேண்டும். இதுவும் குளம் வருடத்துக்கு ஒரு தடவை நிரம்புகிறது என்ற கணக்கில்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. நம் குளங்கள் வருடத்துக்கு இரண்டு முறை நிரம்பக் கூடியவை.

கடற்கரையைச் சுத்தம் செய்தீர்களே, அதில் பலன் இல்லையா?

சங்குத்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எழுபது மாணவர்கள், கையுறை, சாக்கு, காலை ஆறரை மணி. மணலில் புதைந்து கிடக்கும் நைலான் வலைத் துண்டை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு முனை கையில் வரும், மறுமுனை அடியில் எங்கேயோ இருக்கும். மூன்று பேர் சேர்ந்து இழுத்தால் ஈர மணலோடு, சிக்கிச் செத்த நண்டுகளோடு மேலே வரும். ஷாம்பு பாக்கெட், பான்மசாலா உறை, ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் உருண்டைகள். பத்தரை மணிக்குள் முப்பத்தெட்டுச் சாக்கு நிரம்பியது. படம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

வண்டி வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு போனது. பத்து நாள் கழித்து அந்தக் குப்பை கொட்டும் இடத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். நாங்கள் கட்டிய மஞ்சள் கயிற்றோடு சில சாக்குகள் அப்படியே கிடந்தன. பக்கத்தில் குவியல் புகைந்துகொண்டிருந்தது. கடற்கரையில் இருந்த பிளாஸ்டிக்கைக் காற்றில் ஏற்றுவதற்குத்தான் எழுபது பிள்ளைகளைக் கூட்டிப் போனேனா என்று நினைத்தபோது அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே ஞாயிறு, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கூப்பிட்டார். “மக்களே, மேல கெடக்கத நீங்க பெறக்குதீங்க. நல்ல காரியம். கரையே போயிட்டிருக்கே, அத யாரு பெறக்குவா?” என்றார். அவர் இளைஞராக இருந்தபோது நாற்பது பேர் வரிசையாக நின்று கரமடி வலை இழுத்த மணல்வெளி அது என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில் அலைதான் அடித்துக்கொண்டிருந்தது.

கரை ஏன் போகிறது? கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் சரியாகாதா?

கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, கரையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. பருவத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் போகும், திரும்பி வரும். அதன் குறுக்கே கல்லைக் கொட்டி நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். துறைமுகத்துக்குப் போடும் அலைத்தடுப்புச் சுவரானாலும் சரி, ஊருக்குப் போடும் தூண்டில் வளைவானாலும் சரி, வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஒரு ஊர் தப்பிக்கும், அடுத்த ஊர் கேட்க ஆரம்பிக்கும். அந்த ஊருக்கும் போட்டால் அதற்கு அடுத்த ஊர். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலை எழும்பி, படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.

போதாததற்கு, கரைக்கு மணல் கொண்டுவர வேண்டிய ஆறுகளில் அணை இருக்கிறது, மணலும் அள்ளப்பட்டுவிட்டது. கொட்டுகிற கல் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மட்டும் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். அதற்குப் போன கல்லில் குமரியின் கல்லும் உண்டு. மலையை உடைத்துக் கடலில் போட்டு, அதனால் கரை அரித்து, அந்த அரிப்பைத் தடுக்க மறுபடி மலையை உடைக்கிறோம். இந்தச் சுற்றுக்குள் என் துணிப்பை எந்த இடத்தில் நுழையும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மரக்கன்று நடுவதும் அப்படித்தானா?

நடுங்கள். ஆனால் நட்டவர் மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆட்டுக்கு வேலி கட்ட வேண்டும். நாங்கள் நட்டதில் பாதிக்கு மேல் முதல் கோடையிலேயே பட்டுப்போனது. நான்குவழிச் சாலைக்காக வெட்டிய புளியும் ஆலும் ஐம்பது, அறுபது வருடம் நின்றவை. அதற்குப் பதில் பத்து கன்று என்று சொல்வது கணக்கில்தான் சரியாக வரும், நிழலில் வராது.

சிறு துளி பெருவெள்ளம் இல்லையா? எல்லோரும் ஒரே நேரத்தில் மாறினால்?

இந்தக் கேள்விக்கு உலகமே ஒரு முறை பதில் பார்த்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு. விமானம் இல்லை, பஸ் இல்லை, கடை இல்லை. மனிதர்கள் தங்கள் பழக்கத்தை இவ்வளவு வேகமாக மாற்றியது சரித்திரத்தில் இல்லை. அந்த வருடம் உலகின் கரியமில வாயு வெளியேற்றம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஏறக்குறைய 5 சதவீதம். அடுத்த வருடமே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, 2020-க்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் 7.6 சதவீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2019-ல் கணக்கிட்டிருந்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தும் அந்த அளவு எட்டவில்லை. ஏனென்றால் அனல்மின் நிலையமும் சிமெண்ட் ஆலையும் உருக்காலையும் நம் பழக்கத்தைக் கேட்டு ஓடுவதில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் கடலோரத்தில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை! கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவர்கள் இந்தக் கடலைச் சூடாக்கியவர்களா? உலகிலேயே மிகக் குறைவாகப் புகைவிட்ட மனிதர்களில் அவர்களும் உண்டு. எளிமையாக வாழ்ந்தால் தப்பிக்கலாம் என்றால், முதலில் அவர்கள் தப்பியிருக்க வேண்டும்.

சிறு துளி பெருவெள்ளம் ஆக வேண்டுமென்றால் துளிகள் ஒரே ஓடையில் விழ வேண்டும். அவரவர் வாளியில் விழுந்தால் வெள்ளம் வராது.

‘உன் பழக்கத்தை மாற்று’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ‘கார்பன் தடம்’ என்று பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டதே, ஒரு மனிதன் எவ்வளவு கார்பன் வெளியிடுகிறான் என்ற கணக்கு, அதை ஊர் உலகமெல்லாம் பரப்பியது பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனம். 2004-ல் ஆளாளுக்குத் தங்கள் தடத்தைக் கணக்குப் பார்க்கும் வசதியை விளம்பரத்தோடு கொண்டுவந்தார்கள். எண்ணெய் எடுக்கிறவர்கள் எண்ணெய் எடுப்பதைப் பற்றிப் பேசாமல், நம்மைப் பார்த்து ‘உன் தடம் எவ்வளவு?’ என்று கேட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1953-ல் அமெரிக்காவில் குளிர்பான, பேக்கேஜிங் நிறுவனங்கள் சேர்ந்து ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிறவன்தான் குற்றவாளி என்பது அவர்களின் பிரச்சாரம். திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி பாட்டிலை விட்டுத் தூக்கியெறியும் பாட்டிலுக்கு மாறியது அந்த நிறுவனங்கள்தான். நம் ஊரில் சோடாக்கடையில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பழக்கத்தை விட்டது நாம் அல்ல, அந்த பாட்டில் நம் கைக்கு வருவது நின்றுபோனது. 1988-க்குப் பிறகு உலகத் தொழில்துறை வெளியிட்ட பசுமைக்குடில் வாயுக்களில் 71 சதவீதத்தை வெறும் 100 எரிபொருள் உற்பத்தியாளர்களோடு தொடர்புபடுத்தலாம் என்று 2017-ல் ஒரு ஆய்வு சொன்னது. நாம் அந்த எரிபொருளைப் பயன்படுத்துகிறோம் என்பது உண்மைதான். ஆனால் வேறு வழியைத் திறப்பதும் அடைப்பதும் அவர்கள் கையிலும் அரசாங்கங்கள் கையிலும் இருக்கிறது.

பிளாஸ்டிக் தடை வந்ததே, மஞ்சப்பைத் திட்டம் வந்ததே?

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’. இரண்டையும் நான் வரவேற்றேன். தடை கடுமையாக இருந்த மாதங்களில் ஓடைகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அத்தனை வருடம் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி நடக்காதது, ஓர் அரசாணையால் சில வாரத்தில் நடந்தது. பிடி தளர்ந்ததும் கவர் திரும்பி வந்ததையும் பார்த்தோம். உலகில் இதுவரை செய்த பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று 2017-ல் கணக்கிட்டார்கள். குப்பையைத் தரம் பிரித்து வைப்பதால் மட்டும் தீர்கிற விஷயம் அல்ல இது, உற்பத்தி செய்யும் இடத்திலேயே கேட்க வேண்டும்.

கேரளத்திலிருந்து கழிவு கொண்டுவந்து கொட்டுகிறார்களே?

ஆமாம். இங்கிருந்து கல் போகிறது, அங்கிருந்து இறைச்சிக் கழிவும் ஹோட்டல் கழிவும் வருகிறது. சோதனைச்சாவடியில் பிடிக்க வேண்டிய விஷயம், வீட்டுத் தொட்டியில் தீராது. இதை வைத்து மலையாளிகளைத் திட்டுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. கல்லை அனுப்புகிறவர்கள் நம்மவர்கள்.

கல் வேண்டாமென்றால் வீடு எதில் கட்டுவது? நீங்கள் இருப்பதும் கான்கிரீட் வீடுதானே?

கான்கிரீட் வீடுதான். அதனால் எனக்குப் பேசத் தகுதி இல்லை என்று நினைத்துப் பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாசில்லாதவன் மட்டும்தான் பேச வேண்டும் என்றால் யாருமே பேச முடியாது. என் வீட்டுக்குப் போனது சில லோடு ஜல்லி. உள்ளூர் தேவைக்கு எவ்வளவு வேண்டும், அதை எந்தப் பாறையிலிருந்து எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்ய முடியும். அளவில்லாமல் மாவட்டத்துக்கு வெளியே போவது வேறு கதை.

மக்கள் சேர்ந்து நின்று ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2016-ல் நம் மாவட்டக் கடலோர ஊரான இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடலோர ஊர்கள் சேர்ந்து நின்றன. திட்டம் இனயத்தை விட்டு, நம் மாவட்டத்திலேயே உள்ள கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. இன்றுவரை அந்தத் துறைமுகம் வரவில்லை.

2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணவாளக்குறிச்சியில் உள்ள ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்காகத் தாது மணல் எடுக்கும் திட்டம். அக்டோபர் முதல் தேதி நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், ஊர்களின் எதிர்ப்பால் தள்ளி வைக்கப்பட்டது. அந்த நாள்களில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். கோயில் மணியடித்தால் ஆள் கூடும் என்று சொல்வார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துப் போடப் பாட்டிகள் வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூட ‘முதலில் நாம் திருந்துவோம்’ என்று சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. தாது மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமமும் அந்த வகைக்குள் வரும். மக்கள் வந்து பேசும் அந்த ஒரு வாசலை அடைக்கிறார்கள். துணிப்பைக்கு யாரும் இப்படித் தடை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, நான் ஒரு ஆள். என்ன செய்ய?

முதலில் உங்கள் ஊர்க் குளத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடு, புல வரைபடம் இரண்டும் இருக்கும். குளம் காகிதத்தில் எவ்வளவு, நேரில் எவ்வளவு என்று ஒரு முறை நடந்து பாருங்கள். மடை எங்கே, மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் எங்கே என்று வயல் வேலை செய்த பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள், அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் கிராம சபை. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியாகப் போகாதீர்கள், பத்து பேரோடு போங்கள். தீர்மானத்தில் சர்வே எண் இருக்க வேண்டும், ‘நீர்நிலைகளைப் பாதுகாப்போம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். குவாரி அனுமதி விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு போனால் நேரம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ நல்ல வழக்குகள் இந்தத் தேதியால்தான் போயின.

சுசீந்திரம் மார்கழித் தேரை யாரும் தனியாக இழுக்க முயற்சி செய்வதில்லை. வடத்தைப் பிடிக்க இடம் தேடித்தான் போகிறோம்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மனம் உடைந்துபோகாதா?

நானும் பயந்தேன். ஆனால் நீ தண்ணீர்க் குழாயை மூடாததால்தான் பூமி அழிகிறது என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது அதைவிடக் கொடுமை. ஒரு சிறுமி, தான் சாப்பிட்ட மிட்டாய் உறையைத் தொலைத்துவிட்டதற்காக என் முன்னால் அழுதிருக்கிறாள். அன்றைக்குத்தான் என் பேச்சை மாற்றினேன். இப்போது பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் வரையச் சொல்கிறேன். வீட்டில் தாத்தாவிடம் காட்டி, முன்னால் எது வரைக்கும் தண்ணீர் நிற்கும் என்று கேட்டு அதையும் வரைந்துவரச் சொல்கிறேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பார்த்ததும் அவர்களே கேட்கிறார்கள், “சார், இத யாரு எடுத்தா?”

இவ்வளவும் செய்து தோற்றுப்போனால்?

தோற்றிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளத்தின் நடுவே சாலை வந்தது. தீர்மானம் போட்டோம், அறுபத்தொரு பேர் கையெழுத்து. மனுவோடு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். சாலையை நிறுத்த முடியவில்லை. மண் கொட்டிய அன்று அந்தத் தீர்மானத்தை எழுதிய அக்கா கரையில் உட்கார்ந்து அழுதார்.

வரைபடத்தில் சாலைக்கு அடியில் ஒரே ஒரு குழாய்தான் போட்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் தண்ணீர் போகாது, வயல் காயும் என்று சர்வே எண்ணோடு, மடையின் அளவோடு திரும்பத் திரும்ப எழுதினோம். கடைசியில் நான்கு கண் உள்ள பாலமாக அதை மாற்றினார்கள். குளத்தில் பாதிதான் மிச்சம். போன ஐப்பசியில் கிழக்கே பதினோரு ஏக்கரில் கும்பப்பூ நெல் நட்டார்கள். அக்காவின் வயல் அதில் நாற்பது சென்ட்.